முதல் ஃப்ரீரைடு சைக்கிள்: பின்னாடி ஸ்பிரிங் வேண்டாம் சாமி

படிக்கவோ வேலைக்கோ வான்கூவர் வந்து சேர்ற நம்ம பசங்கள்ல சிலருக்கு ரெண்டாவது கோடை வர்றதுக்குள்ள மலைச் சைக்கிள் பைத்தியம் பிடிச்சிடுது. பஸ் போற தூரத்துல மலை, மலை முழுக்கக் காடு, காடு முழுக்க சைக்கிள் பாதை. பிடிக்கலைன்னாத்தான் ஆச்சரியம். அடுத்து வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "அண்ணே, ஃப்ரீரைடு பண்ற மாதிரி ஒரு சைக்கிள் வேணும். கையில 1800 டாலர் இருக்கு. எதை வாங்கட்டும்?"

கேள்வியோட ஒரு விளம்பரப் படமும் ஒட்டிக்கிட்டு வரும். பழைய சைக்கிள். முன்னாடி மோட்டார் சைக்கிள்ல இருக்கற மாதிரி மேலயும் கீழயும் பிடிச்ச ரெட்டை கிரவுன் ஃபோர்க். பின்னாடி என் கைத் தடிமனுக்கு ஒரு சுருள் ஸ்பிரிங். ரெண்டு பக்கமும் எட்டு அங்குலம் அமுங்கும். புதுசுல அஞ்சாயிரம் டாலராம், இப்ப 1500-க்குத் தர்றாராம். "செம டீல் இல்லண்ணே?"

இல்லை தம்பி. அந்தக் காசுக்கு ஹார்ட்டெயில் வாங்கு. அதாவது முன்னாடி மட்டும் நல்ல ஃபோர்க், பின்னாடி சஸ்பென்ஷனே கிடையாது.

இதைச் சொன்னதும் பையன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும். பிரியாணி கேட்டவன் இலையில தயிர்சாதம் விழுந்த மாதிரி :-) ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா விளக்கி வாய் வலிக்குது. அதனால மொத்தமா இங்க எழுதி வச்சிடறேன்.

மொதல்ல, எதுக்கு வாங்கறோம்?

ஃப்ரீரைடுல ரேஸ் இல்லை, கடிகாரம் இல்லை. செங்குத்தான பாறை, மேலேர்ந்து கீழே குதிக்கற டிராப், ஜம்ப், மரப்பாலம், இதுக்கு நடுவுல நாமளே ஒரு வழி கண்டுபிடிச்சு இறங்கறதுதான் விளையாட்டு. அது வளர்ந்த முக்கியமான இடம் நம்ம வீட்டு ஜன்னல்லேர்ந்து தெரியற நார்த் ஷோர் மலைகள்தான்: ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ். மழைக்காடுங்கறதால தரை பூரா சேறும் வேரும். அதைத் தாண்டறதுக்கு விழுந்து கிடந்த சிடார் மரத்தைப் பிளந்து படிப்படியா அடிச்சுப் பாலம் கட்டினாங்க. போகப் போக பாலம் உயரமாச்சு, ஒல்லியாச்சு, நடுவுல ஏத்த இறக்கப் பலகையெல்லாம் வந்துச்சு. 1998-ல 'கிராங்க்ட்'னு ஒரு படம் வந்து வேட் சிம்மன்ஸ், ரிச்சி ஷ்லே, பிரெட் டிப்பி மூணு பேரையும் உலகத்துக்குக் காட்டுச்சு. 1999-ல விஸ்லர் பைக் பார்க் திறந்தாங்க. 2001-ல யூட்டா மாநிலத்து வர்ஜின் ஊர்ப் பக்கம் முதல் ரெட் புல் ரேம்பேஜ் நடந்துச்சு. அதுல ஜெயிச்சவர் அதே வேட் சிம்மன்ஸ்.

இந்த வரலாறு எதுக்குன்னா, நாம மனசுல வச்சிருக்கற ஃப்ரீரைடு சைக்கிளோட படம் ரேம்பேஜ் வீடியோலேர்ந்தும் விஸ்லர் போஸ்டர்லேர்ந்தும் வந்தது. விஸ்லர்ல லிஃப்ட் உண்டு. சைக்கிளை நாற்காலியில மாட்டி உச்சியில இறக்கி விட்டுடுவாங்க. ஆனா விஸ்லர் இங்கேர்ந்து 120 கிலோமீட்டர் சொச்சம். கார் வேணும், டிக்கெட் வேணும். 1800 டாலர் பட்ஜெட்காரன் வாராவாரம் போகப்போற இடம் ஃப்ரோம். அங்க லிஃப்ட் கிடையாது. மவுண்டன் ஹைவேங்கற சரளைக்கல் ரோட்டுல மூச்சு வாங்க மிதிச்சு ஏறணும். பத்து நிமிஷம் இறங்கறதுக்கு முக்கால் மணி நேரம் ஏத்தம்னு கணக்கு வச்சுக்குங்க. அந்தப் பழைய ராட்சசனோட எடை 18, 20 கிலோ. மிதிக்க மிதிக்க பாதி பலத்தை ஸ்பிரிங் தின்னுடும். சீட்டை முழுசா உயர்த்தக்கூட முடியாத ஃபிரேம் அதுல பாதி. மூணு வாரம் ஏத்துவீங்க. நாலாவது வாரம் அது பால்கனியில துணி காயப்போடற ஸ்டாண்டு.

டீலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற பில்

சரி, எடையை விடுங்க, இளவட்டம், மிதிச்சிடுவீங்க. காசு மேட்டருக்கு வருவோம். அஞ்சாயிரம் டாலர் சைக்கிளை 1500-க்கு வாங்கலாம். ஆனா அதோட உதிரி பாகம் எல்லாம் அஞ்சாயிரம் டாலர் சைக்கிளோட விலையிலதான் இருக்கும். கோயில்ல விட்ட யானையைச் சும்மா குடுத்தாலும் கரும்பு நாமதான வாங்கணும்?

சஸ்பென்ஷனுக்கு சர்வீஸ் கணக்கு உண்டு. ராக்ஷாக்ஸ் தன்னோட ஃபோர்க்குக்கு சொல்றது, ஓட்டின ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும் கீழ்க்கால்களைக் கழட்டிச் சுத்தம் பண்ணி எண்ணெய் மாத்தணும், 200 மணி நேரத்துக்கு ஒருதடவை முழு சர்வீஸ். பழைய சைக்கிளை விக்கறவர்ல எத்தனை பேர் அதைச் செஞ்சிருப்பார்? கடையில ஃபோர்க் முழு சர்வீஸ்னா சுமாரா 200 டாலர் எடுத்து வைக்கணும். பின் ஷாக்குக்கும் கிட்டத்தட்ட அதே. பின்பக்கத்து இணைப்புகள்ல இருக்கற பேரிங் எல்லாம் துருப்பிடிச்சிருக்கும் (நார்த் ஷோர் மழைங்க, நம்மூரு மழை இல்லை, மாசக்கணக்குல தூறிக்கிட்டே இருக்கும்). அதை மாத்த தனி பில்.

இதைவிடப் பெரிய தலைவலி, அளவு. 2014 வாக்குல மலைச் சைக்கிள் உலகம் 26 அங்குல வீலை ஓரங்கட்டிட்டு 27.5-க்கும் 29-க்கும் போயிடுச்சு. இப்ப 26 மிச்சமிருக்கறது முக்கியமா டர்ட் ஜம்ப் சைக்கிள்லதான். கடினமான பாதைக்கான தடித்த 26 அங்குல டயரைத் தேடித்தான் பிடிக்கணும். பழைய ஃபோர்க்குக்கு 20 மில்லிமீட்டர் ஆக்சில், இப்ப பெரும்பாலும் 15. பழைய பின் ஹப் 135 இல்லைன்னா 150, இப்ப 148. பின் ஷாக் நீளம்கூட 2016-லேர்ந்து மெட்ரிக் அளவுக்கு மாறிடுச்சு. ஒரு பாகம் போச்சுன்னா, அதுக்குப் பொருந்தற இன்னொண்ணைத் தேடி ஊரெல்லாம் அலையணும். கிடைக்கற வரைக்கும் கோடை காத்திருக்காது.

ஹார்ட்டெயில்ல பின் ஷாக் இல்லை, பேரிங் இல்லை, இணைப்பு இல்லை. இல்லாத பாகம் உடையாது. இதைவிட மலிவான பாகத்தை எந்தக் கம்பெனியும் இதுவரைக்கும் தயாரிக்கலை :-)

"முழு சஸ்பென்ஷன் தப்பை மன்னிக்குமேண்ணே?"

நியாயமான கேள்வி. மன்னிக்கும்தான். தப்பான இடத்துல இறங்கினாலும் பின்பக்கம் அமுங்கி உங்களைக் காப்பாத்தும். புதுசா கத்துக்கறவனுக்குத்தான இது அதிகம் தேவைன்னு கேட்டா, வாதம் சரி மாதிரிதான் தெரியும்.

ஆனா மன்னிக்கறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. எட்டு அங்குல சஸ்பென்ஷன்ல உக்காந்தவனுக்குத் தான் தப்பா ஓட்டறோம்னே தெரியாது. உடம்பு பின்னாடி சாய்ஞ்சிருக்கும், முழங்கால் விறைச்சிருக்கும், பிரேக்கைத் தப்பான இடத்துல பிடிப்பான். ஒண்ணும் ஆகாது. அதனால அடுத்த தடவை இன்னும் வேகமா வருவான், இன்னும் உயரத்துலேர்ந்து குதிப்பான். ஸ்பிரிங்கோட எல்லை தாண்டற அன்னிக்கு எல்லாத் தப்புக்கும் சேர்த்து ஒரே பில் வரும். ஹார்ட்டெயில் அப்பப்ப சில்லறையா வசூல் பண்ணிடும். ரெண்டு அடி டிராப்ல காலை மடக்காம இறங்கினா முதுகுத்தண்டுல சுருக்குனு சொல்லும். மறுதடவை கால் தானா மடங்கும்.

இன்னொண்ணு. நல்லா பராமரிச்ச பின் சஸ்பென்ஷன்தான் மன்னிக்கும். உள்ள எண்ணெய் போன ஷாக் மன்னிக்காது. அமுங்கின வேகத்துல எழும்பி, ஜம்ப் முனையில உங்களைத் தலைகுப்புற எத்தி விடும். நம்ம பட்ஜெட்ல வர்றது ரெண்டாவது ரகம்.

எல்லாருக்கும் ஹார்ட்டெயில்தான்னு சொல்ல வரலை. ஏற்கனவே முதுகு, முழங்கால்ல பிரச்சினை இருக்கறவங்களுக்கு வேண்டாம். கையில 3000 டாலருக்கு மேல இருந்தா, நாலஞ்சு வருஷம் பழசான, ஒத்தை கிரவுன் ஃபோர்க் போட்ட, 160 அல்லது 170 மில்லிமீட்டர் எண்டியூரோ சைக்கிள் வாங்குங்க, அது ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும். 2020, 2021 கொரோனா காலத்துல யானை விலை வித்த சைக்கிள்கள் 2023 வாக்குலேர்ந்து தேங்கிப்போய் இறங்கினதுல பழைய சந்தையில அந்த ரகம் நிறைய வந்திருக்கு. விஸ்லர் மட்டும்தான் போவேன், அதுவும் வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னா எதுவுமே வாங்காதீங்க. அங்கயே வாடகைக்கு எடுங்க, உடம்புக் கவசத்தோட.

1800-ஐ எப்படிப் பிரிக்கணும்?

இது என் கணக்கு. நீங்க பத்து இருபது அங்க இங்க நகர்த்திக்கலாம், ஆனா வரிசையை மாத்தாதீங்க.

1. தலைக்கும் முட்டிக்கும் 350. முகத்தை மூடற ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை. ஹெல்மெட் உள்ள ஒட்டியிருக்கற லேபிள்ல ஏஎஸ்டிஎம் எஃப் 1952-ன்னு இருக்கான்னு பாருங்க. டவுன்ஹில் ஓட்டறதுக்கான தரம் அது, தாடைப் பட்டையையும் சோதிக்கற தரம். ஹெல்மெட் மட்டும் பழசு வாங்காதீங்க. ஒருதடவை விழுந்த ஹெல்மெட்டோட உள்நுரை நசுங்கியிருக்கறது வெளிய தெரியாது.

2. சைக்கிளுக்கு 1050. பழசு, ஹார்ட்டெயில்.

3. டயர், பிரேக் பேடு, செயின் மாதிரி உடனே மாத்தவேண்டியதுக்கு 200. எந்தப் பழைய சைக்கிளா இருந்தாலும் இது வரும். வராதுன்னு யாராவது சொன்னா அவர்தான் விக்கறவர்.

4. மிச்சம் 200-ஐத் தொடாதீங்க. பின் ரிம் ஒருநாள் பாறையில நசுங்கும். ஹார்ட்டெயிலோட பலவீனம் அதுதான், அடி எல்லாம் பின் சக்கரத்துலதான் விழும். மறைக்க விரும்பலை.

மொத்தம் 1800. "சைக்கிளுக்கு ஆயிரம்தானா?"னு கேப்பீங்க. முழு 1800-ஐயும் சைக்கிள்ல போட்டுட்டு ரோட்டுல ஓட்டற ஹெல்மெட்டோட ஃப்ரோம் மலைக்கு வர்றவங்களைப் பார்க்கறேன். பார்க்கும்போதெல்லாம் வயித்தைக் கலக்குது.

1050-க்கு எதைப் பார்க்கணும்?

பேரைப் பார்க்காதீங்க, அளவைப் பாருங்க. பின்னாடி 148, முன்னாடி 15-க்கு 110 ஆக்சில், தலைக்குழாய் கீழ அகலமா மேல ஒடுக்கமா உள்ள டேப்பர். இந்த மூணும் இருந்தா உதிரி பாகத்துக்கு அலைய வேண்டாம். வீல் 29-ஆ 27.5-ஆன்னு சண்டை போடவேண்டாம், எது கிடைக்குதோ அது. ஃபோர்க் 140-லேர்ந்து 160 மில்லிமீட்டருக்குள்ள, அதோட தண்டு 35 மில்லிமீட்டர் அல்லது அதுக்கு மேல. ராக்ஷாக்ஸ் பைக், லிரிக், ஃபாக்ஸ் 36, மார்சோக்கி பாம்பர் இஸட்1 இதெல்லாம் அந்த வகை. தலைக்கோணம் 64, 65 டிகிரி பக்கம் இருந்தா செங்குத்துல இறங்கும்போது முன்சக்கரம் காலுக்கடியில மடங்கற பயம் குறையும். இந்த ஊர்க் கம்பெனிகளோட ராக்கி மவுண்டன் குரோலர், நார்கோ டோரண்ட் மாதிரி மாடல்களைப் பழைய சந்தையில தேடிப் பாருங்க. ஆனா ஒரே மாடல் பேர்ல பல தரம் வரும். ஃபோர்க்கைப் பார்த்துட்டுப் பேரம் பேசுங்க.

பிரேக் நாலு பிஸ்டன் இருந்தா உத்தமம். ஷிமானோ டியோர்லயே நாலு பிஸ்டன் இருக்கு, விலையும் தாங்கும். முன் ரோட்டர் 203 போடுங்க. நீளமான இறக்கத்துல கை வலிச்சு பிரேக் பிடிக்க முடியாமப் போனா மத்த எதுவும் உதவாது. பின் டயர் தடித்த ரகம் போட்டு, முன் டயரைவிட ரெண்டு மூணு பிஎஸ்ஐ காத்து கூட வைங்க. ரிம் தப்பிக்கும்.

இப்ப பலர் பார்க்காத ஒண்ணு. சைக்கிளுக்கும் ஏஎஸ்டிஎம் ஒரு வகைப்பாடு வச்சிருக்கு, எஃப் 2043. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும். மூணாம் வகைன்னா 61 சென்டிமீட்டருக்குள்ள குதிக்கலாம். நாலாம் வகைன்னா 122 சென்டிமீட்டர். அஞ்சாம் வகைதான் முழு ஃப்ரீரைடு, டவுன்ஹில். பல கம்பெனிகள் இதை ஃபிரேம் ஸ்டிக்கர்லயோ கையேட்டுலயோ போட்டிருக்கும். நாலு அல்லது அஞ்சு இருக்கற ஃபிரேம் தேடுங்க. மூணு போட்ட ஹார்ட்டெயிலைப் பெரிய கடை ஷோரூம்ல பளபளன்னு வச்சிருப்பாங்க. அது காட்டுப்பாதைக்கு நல்ல சைக்கிள், உங்க வேலைக்கு இல்லை. நானூறு டாலருக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் வச்சு சூப்பர் மார்க்கெட்ல நிக்கற சைக்கிளைப் பத்திப் பேசவே வேண்டாம்.

நேர்ல பார்க்கும்போது சைக்கிளைத் தலைகீழாத் திருப்பி, தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேர்ற வெல்டிங், பெடல் அச்சுப் பக்கம், சீட் குழாயோட மேல் முனை, இந்த மூணு இடத்தையும் துணியால துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயிண்ட்ல முடி மாதிரி கோடு தெரிஞ்சா வணக்கம் சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. ஃபோர்க் தண்டுல நகத்தை ஓட்டிப் பாருங்க, கீறல்ல நகம் மாட்டினா அங்க எண்ணெய் கசியும். முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, டொக்குன்னு சத்தம் வரக்கூடாது. கடைசியா ஃபிரேம் அடியில இருக்கற சீரியல் நம்பரை 529 கராஜ்ல போட்டுப் பாருங்க. வான்கூவர் போலீஸும் பயன்படுத்தற பதிவேடு அது. திருட்டு சைக்கிள்னா பணமும் போகும், சைக்கிளும் போகும். நம்பரைச் சொல்ல விக்கறவர் தயங்கினா, பதில் கிடைச்சாச்சு.

ஏன் இவ்வளவு மெனக்கெடறேன்?

இந்தக் கேள்வி கேக்கற பசங்க பலர் மணிக்கூலிக்கு வேலை பார்த்துக்கிட்டே படிக்கறவங்க. காலர் எலும்பு முறிஞ்சா, எம்எஸ்பி அட்டை கைக்கு வந்தவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவை அது பாத்துக்கும். ரெண்டு மாசம் பெட்டி தூக்க முடியாம வேலைக்குப் போகாத நாளோட கூலியை அது தராது. வாடகை நிக்காது. வீட்டுக்கு அனுப்பற பணம் நின்னா அம்மாவுக்குக் காரணம் சொல்லணும். சைக்கிள்னு சொன்னா நம்மூர்ல யாருக்குப் புரியும்? இந்த விளையாட்டுல விழாம இருக்க முடியாது. விழுந்தாலும் திங்கக்கிழமை வேலைக்குப் போற மாதிரி விழணும். முதல் சைக்கிளோட வேலை அவ்வளவுதான்.

இந்த விளையாட்டை இங்க ஆரம்பிச்ச ஆளுங்க இன்னிக்கு நமக்குக் கிடைக்கற ஹார்ட்டெயிலைவிட மோசமான சாமான்லதான் அந்தப் பாலமெல்லாம் ஏறினாங்க. ஃப்ரோம்ல பாப்ஸ்லெட் மாதிரி எளிமையான பாதையில ஒரு கோடை முழுக்க ஓட்டுங்க. வளைவுல பிரேக் பிடிக்காம வர்றது, காலை மடக்கி இறங்கறது, எந்த டிராப்பை இன்னிக்கு வேண்டாம்னு விடறது, மூணும் வந்துடும். மூணாவதுதான் கஷ்டம். ரெண்டாவது கோடையிலயும் ஆசை குறையலைன்னா, அப்ப பெரிய சைக்கிளுக்குக் காசு சேருங்க. ஹார்ட்டெயிலை வித்துடாதீங்க, மழைக்காலத்துக்கு ஆகும்.

அதுவரைக்கும் அந்த ரெட்டை கிரவுன் விளம்பரத்தை மூடி வைங்க. மொதல்ல கடைக்குப் போய் ஹெல்மெட் போட்டுப் பாருங்க. தலையை ஆட்டினா ஆடக்கூடாது.